முழங்காலும் முதுமையும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த அரங்கம் முதல் மாடியில் இருக்கிறது. காலையில் ஒரு ஓரமாக நின்று, எங்கள் பி.யூ.சி. செட்டுக்காரர்கள் படியேறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1976-ல் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியவர்கள். இன்றைக்கு ஒரு கை கைப்பிடிச் சுவரில், ஒரு கை முழங்காலில். நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏனுங்க டாக்டரே, சங்கத்துல வசூல் பண்ற பணத்துல முதல்ல ஒரு லிஃப்ட் வெக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டார் ஒரு நண்பர். பெயரைச் சொல்லமாட்டேன். அவர் சிரிக்கிறதைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

செயலாளர் என்னிடம், "மருத்துவ சம்பந்தமா ஏதாச்சும் பேசுங்க, ஆனா பயமுறுத்தாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். நான் எலும்பு டாக்டர். இந்த ஊரில் முப்பது வருஷத்துக்கு மேலாக முழங்கால் பார்க்கிறேன். அதனால் முழங்காலைப் பற்றியே பேசுகிறேன். அதில் என் சொந்தக் கதையும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அம்மாவை எங்கள் செட்டில் சிலருக்குத் தெரியும். பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். காலையில் தரையில் குத்தவெச்சு உட்கார்ந்து பிசிறு வெட்டுவார். மத்தியானத்துக்கு மேலே செக்கிங் டேபிளில் நிற்பார். பண்டலை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழேயும் ஏறி இறங்குவார். சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் எனக்குப் புத்தகம், ஃபீஸ் எல்லாம். இந்தக் கல்லூரியில் நான் பி.யூ.சி. படித்ததும், பிறகு கோயமுத்தூர் மருத்துவக் கல்லூரிக்குப் போனதும் அந்த முழங்கால்களின் மேலே ஏறித்தான்.

1996-ல் அம்மாவுக்கு 56 வயது. "சாமி, படி எறங்கறப்ப முழங்காலு கடுக்குது" என்றார். எக்ஸ்ரே எடுத்தேன். உள்பக்கம் இடைவெளி குறைந்திருந்தது. மகன் எலும்பு டாக்டர் அல்லவா? பெருமையாகச் சொன்னேன்: "ஜவ்வு தேஞ்சு போச்சும்மா. வயசானா எல்லாருக்கும் இப்படித்தான். உழைச்சது போதும், இனி நடக்காதே, உட்கார்ந்து ரெஸ்ட் எடு." மாத்திரையும் கொடுத்தேன்.

அம்மா நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வேலையை நிறுத்தினார். கோயிலுக்கு நடந்து போவதை நிறுத்தினார். கடைக்குப் போவதை நிறுத்தினார். இரண்டு வருஷத்தில் எடை பதினோரு கிலோ ஏறியது. தொடை மெலிந்தது. சர்க்கரை வந்தது. வலி மட்டும் குறையவில்லை, கூடியது. பிறகு நான் கொஞ்சம் விஷயம் தெரிந்துகொண்டு, "அம்மா, நீ நடக்கோணும்" என்று சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: "தேஞ்சு போச்சுன்னு நீதானே சாமி சொன்னே? இன்னும் நடந்தா மிச்சமிருக்கறதும் தேஞ்சுருமில்ல?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. நான் கொடுத்த ஒரு வார்த்தையிலிருந்து அவர் சரியாகக் கணக்குப் போட்டிருந்தார். தப்பு அந்த வார்த்தையில் இருந்தது. "தேய்மானம்" என்ற அந்த ஒரே வார்த்தையைப் பற்றித்தான் இன்றைய என் பேச்சு.

தேய்மானம் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வண்டி டயர். செருப்பு. ஓட ஓடத் தேயும், ஓடாமல் நிறுத்தி வைத்தால் தேயாது. முழங்கால் டயர் இல்லை என்பதுதான் முதல் பாடம்.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டு எலும்பு முனைகளிலும் வழவழவென்று ஒரு பூச்சு இருக்கிறது. அதுதான் குருத்தெலும்பு. முழங்காலில் அதன் கனம் பெரும்பாலான இடங்களில் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர்தான். அதில் முக்கால் பங்கு வரை தண்ணீர். மிச்சம் பெரும்பாலும் கொலாஜன் என்ற நார், அந்த நார்வலைக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஒரு பசை. நம்ம ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும்: கொலாஜன் என்பது நூல், பசை என்பது அந்தத் துணி உறிஞ்சி வைத்திருக்கும் ஈரம். இந்தத் துணியை நெய்ததும் பராமரிப்பதும் உள்ளே இருக்கும் செல்கள். மொத்தக் கன அளவில் அந்தச் செல்கள் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. அவ்வளவு பெரிய பட்டறைக்கு அவ்வளவு கொஞ்சம் ஆட்கள்.

இதில் இன்னொரு விசேஷம். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. கையை வெட்டிக்கொண்டால் ரத்தம் வருகிறது, ரத்தம் வருவதால்தான் காயம் ஆறுகிறது. குருத்தெலும்பில் அந்த வழி இல்லை. வில்லியம் ஹன்ட்டர் என்ற மருத்துவர் 1743-லேயே, குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்று லண்டனில் எழுதி வைத்துவிட்டார்.

அப்படியானால் அந்தச் செல்கள் எப்படிச் சாப்பிடுகின்றன? மூட்டுக்குள் ஒரு வழவழப்பான திரவம் இருக்கிறது. "எண்ணெய் வத்திப் போச்சு டாக்டர்" என்று என்னிடம் வருகிறவர்கள் சொல்வது அதைத்தான். மொத்தமே சில மில்லிதான் இருக்கும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கித் தண்ணீர் வெளியே போகிறது. காலை எடுக்கும்போது திரவம் உள்ளே ஏறுகிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு மாதிரி. அந்த அமுக்கமும் விடுப்பும் உள்ளே சத்து போய்வர உதவுகின்றன. அதாவது நடை என்பது முழங்காலுக்குச் சாப்பாடு. உட்கார்த்தி வைத்தால் பட்டினி. அசையாமல் நிற்க வைத்தால் அமுக்கம் உண்டு, விடுப்பு இல்லை. என் அம்மாவின் முழங்காலை நான் முதலில் கம்பெனி செய்தது போதாதென்று பட்டினியும் போட்டேன்.

இப்போது முதுமைக்கு வருகிறேன்.

நம் உடம்பில் தோல், ரத்தம், குடல் எல்லாம் சதா புதுசாகிக்கொண்டே இருக்கின்றன. குருத்தெலும்பு புதுசாகிறதா என்று கண்டுபிடிக்க டென்மார்க் விஞ்ஞானிகள் ஒரு வேலை செய்தார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன அல்லவா? அதனால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்லக் குறைந்தது. காற்றிலிருந்து செடிக்கு, செடியிலிருந்து சோற்றுக்கு, சோற்றிலிருந்து நம் உடம்புக்கு அது வந்தது. ஒரு திசுவில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று பார்த்தால் அது எந்த வருஷத்தில் உருவானது என்று சொல்லிவிடலாம். முழங்கால் குருத்தெலும்பை இப்படிச் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். கொலாஜன் வளரும் பருவத்தில் போட்டதுதான்! பெரியவர்களான பிறகு ஏறக்குறைய மாறவே இல்லை. நோய் வந்த மூட்டிலும் அப்படித்தான்.

மாணவர்களே, இதைக் கவனித்துக் கேளுங்கள். உங்களுக்கு இப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது. ஆயுசுக்கும் வேண்டிய நூலை ஏறக்குறைய வாங்கிவிட்டீர்கள். இனி அடுத்த லோடு வராது. எண்பது வயதிலும் இந்த நூலோடுதான் நடக்க வேண்டும்.

நூல் மாறாது என்றால், அதைக் காவல் காக்கும் செல்கள் நன்றாக இருக்க வேண்டும். அவற்றுக்கும் வயதாகிறது. 1961-ல் அமெரிக்காவில் லியனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் இருவரும் மனித செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துப் பார்த்து, அவை சுமார் ஐம்பது முறை இரட்டித்த பிறகு நின்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். நின்றுவிடுகின்றன, ஆனால் சாவதில்லை. அந்த நிலைக்குச் செல் முதுமை என்று பெயர். குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர் தேய்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. டெலோமியர் ஆராய்ச்சிக்காக 2009-ல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் குருத்தெலும்புச் செல்கள் பெரியவர்களிடம் அதிகம் பிரிவதே இல்லை. பிறகு எப்படி அவற்றுக்கு வயதாகிறது? அடிபட்டால், அளவுக்கு மீறிய பாரம் விழுந்தால், உள்ளே அழற்சி இருந்தால், செல்லின் மரபுப்பொருள் சேதமடைகிறது. சேதம் மிஞ்சினால் செல் வேலையை நிறுத்திவிட்டு முதுமை நிலைக்குப் போகிறது. பி-16 என்ற புரதம் அதில் கூடுகிறது. ஆகவே காலண்டர் வயது வேறு, செல்லின் வயது வேறு. கால்பந்தில் ஜவ்வு கிழிந்த இருபத்தைந்து வயதுப் பையனின் முழங்காலிலும் கிழட்டுச் செல்கள் உண்டாகலாம்.

அந்தச் செல் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. இருக்காது. நிட்டிங் மெஷின் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று விளங்கும். ஆயிரக்கணக்கான ஊசியில் ஒரு ஊசி பழுதானால் மெஷின் நின்றுவிடுமா? ஓடும். ஆனால் துணி நெடுக ஒரு கோடு விழுந்துகொண்டே வரும். அதோடு எண்ணெயும் கசிந்தால் பக்கத்துத் துணியிலும் கறை. கிழட்டுச் செல் அந்த மாதிரி. இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைக் கக்குகிறது. கொலாஜனை வெட்டும் நொதிகளைக் கக்குகிறது. மாற்ற முடியாத நூலைத் தானே வெட்டுகிறது. பக்கத்திலிருக்கும் நல்ல செல்லையும் கெடுக்கிறது. 2017-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய முதிர்ந்த செல்களை எலிகளின் ஆரோக்கியமான முழங்காலில் செலுத்தினார்கள். முழங்கால் நோய் போன்ற நிலை உண்டானது.

அதே 2017-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழுவினர் மறுபக்கத்திலிருந்து வந்தார்கள். எலியின் முழங்காலில் ஒரு தசைநாரை வெட்டி நோயை வரவழைத்து, முதிர்ந்த செல்களை மட்டும் கொல்லும் மருந்தை ஊசியில் போட்டார்கள். நோய் குறைந்தது. உலகமே கைதட்டியது. நானும்தான். பழுதான ஊசியைக் கழற்றிவிட்டோம் என்று நினைத்தோம்.

அந்த மருந்தை 183 நோயாளிகளுக்குச் சோதித்தார்கள். 2020 ஆகஸ்டில் முடிவு வந்தது. மருந்து போட்டவர்களுக்கும், வெறும் நீர் போன்ற போலி ஊசி போட்டவர்களுக்கும் 12 வாரத்தில் வலியில் வித்தியாசம் இல்லை! எலிக்கு ஆனது மனிதனுக்கு ஆகவில்லை. ஆராய்ச்சி நிற்கவில்லை, நடக்கிறது. ஆனால் இன்று நான் இங்கே நிற்கும்வரை, கெட்டுப்போன குருத்தெலும்பைப் பழையபடி ஆக்கும் மருந்து எதுவும் நிரூபிக்கப்படவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் "ஜவ்வு வளரும் மாத்திரை", "ஒரே ஊசியில் இளமை" என்று நோட்டீஸ் அடித்து நம்ம ஊர்ச் சனங்களின் போனஸ் பணத்தைப் பிடுங்குகிறார்கள். குளுக்கோசமின் மாத்திரையை 1,583 பேரிடம் சோதித்து 2006-ல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். மொத்தத்தில் போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. மாதா மாதம் அதற்குக் கொடுக்கிற காசில் நல்ல பழம் வாங்கிச் சாப்பிடலாம்.

"அப்ப என்னதான்யா பண்றது?" என்று முன்வரிசை கேட்கிறது. சொல்கிறேன்.

முதலாவது, நடை. பல நாடுகளில் நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்ததில், முறையான உடற்பயிற்சி முழங்கால் வலியைக் குறைக்கிறது என்பது உறுதியாகியிருக்கிறது. சமதரையில் நடங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள். தொடைத் தசைதான் முழங்காலின் ஷாக் அப்சார்பர். ஆரம்பத்தில் கொஞ்சம் வலிக்கும். அந்த வலி "கெட்டுப்போகிறது" என்று அர்த்தமில்லை. வீங்கினாலோ மறுநாளும் வலி இறங்காவிட்டாலோ அளவைக் குறையுங்கள். நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, எடை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் செய்த ஆய்வில், சுமார் ஐந்து கிலோ குறைத்த பெண்களுக்கு முழங்கால் நோய் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்ததாக 1992-ல் எழுதினார்கள். கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயாசம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கைத்தடி. அதில் வெட்கம் வேண்டாம். வலது முழங்கால் வலித்தால் இடது கையில் பிடிக்க வேண்டும். பாதிப்பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

நான்காவது, எதுவும் முடியாத கட்டத்தில் ஆபரேஷன் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்சவிலை நிர்ணயித்த பிறகு செலவு குறைந்திருக்கிறது. பயப்பட வேண்டாம். ஆனால் எக்ஸ்ரேயைப் பார்த்து ஆபரேஷன் செய்வதில்லை, ஆளைப் பார்த்துத்தான். எக்ஸ்ரே மோசமாக இருந்தும் வலியே இல்லாமல் திரிகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி நான் பேசப்போவது இந்த அரங்கில் முதலாளிகளாக உட்கார்ந்திருக்கும் என் நண்பர்களிடம். உங்களில் எத்தனை பேர் கம்பெனி நடத்துகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் செக்கிங் டேபிளில், அயர்ன் டேபிளில், கட்டிங் டேபிளில் ஆட்கள் ஒன்றரை ஷிப்ட் நிற்கிறார்கள். பண்டல் தூக்கிப் படியேறுகிறார்கள். குத்தவெச்சு வேலை செய்கிறார்கள். பாரம் தூக்குவதும், குந்துவதும், மண்டியிடுவதும் முழங்கால் நோய்க்கு வழி செய்கின்றன என்பது உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி. மணிக்கணக்காக நிற்பதையும் அந்தப் பட்டியலில் சில ஆய்வுகள் சேர்த்திருக்கின்றன. நின்று வேலை செய்கிறவர்கள் இடையே உட்கார வசதி தர வேண்டும் என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். 2021-ல் நம் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கும் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. ஜவுளிக்கடைப் பெண்களுக்கு ஒரு ஸ்டூல் கிடைக்கவே இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. டேபிளுக்கு ஒரு உயரமான ஸ்டூல். மணிக்கு ஒருதரம் நிற்கிறவர் உட்காரவும் உட்கார்ந்தவர் எழுந்து நடக்கவும் ஐந்து நிமிஷம். பண்டலுக்கு ஒரு தள்ளுவண்டி. குத்தவெச்சுப் பிசிறு வெட்டுகிறவர்களுக்கு ஒரு தாழ்ந்த மேசையும் மணையும். புரொடக்ஷன் குறையும் என்று பயப்பட வேண்டாம். வலிக்கிற காலோடு நிற்கிறவர் கண்ணில் டேமேஜ் படாமல் போவது உங்களுக்குத்தான் நஷ்டம். ஒரு மெஷினுக்கு ஊசி ஒடிந்தால் ஓடிப்போய் மாற்றுகிறீர்கள். இந்த மனுஷர்களுக்கு மாற்று ஊசி கிடையாது என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

மாணவர்களே, உங்களில் விலங்கியலும் வேதியியலும் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். 2020-ல் தோற்றுப்போன அந்த மருந்துக்குப் பிறகு என்ன என்பது இன்னும் திறந்த கேள்வி. மாறாத நூலைக் காக்கும் செல்லை இளமையாக வைக்க வழி உண்டா? அந்தப் பதிலை உங்களில் ஒருவர் கொண்டுவந்தால், இந்த ஊரில் ஆயிரமாயிரம் தாய்மார் உங்களைக் கும்பிடுவார்கள்.

அம்மா 2009-ல் இருதயக் கோளாறில் காலமானார். முழங்கால்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அது உண்மையில்லை. ஆனால் கடைசிப் பத்து வருஷத்தில் அவர் வாசல்படி தாண்டியது மிகக் குறைவு. கடைசி இரண்டு வருஷம் நான் தினமும் சாயங்காலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போனேன். முதல் நாள் நாற்பது அடி. பிறகு பிள்ளையார் கோயில் வரைக்கும் போனோம். வலி கொஞ்சம் குறைந்தது. "இத முன்னமே சொல்லியிருக்கலாமில்ல சாமி?" என்றார். சொல்லியிருக்கலாம்.

அதனால் இப்போது என் கிளினிக்கில் நான் "தேஞ்சு போச்சு" என்று யாரிடமும் சொல்வதில்லை. "உங்க முழங்காலுக்கு உயிர் இருக்குதுங்க, அதுக்குச் சாப்பாடு போடுங்க" என்றுதான் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஒரு அம்மாவோ, அம்மாயியோ, அப்பாரோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தால், இன்று சாயங்காலம் போய்க் கையைப் பிடித்து எழுப்புங்கள். தெருமுனை வரைக்கும் போதும்.

மதியச் சாப்பாடு கீழே தயாராக இருப்பதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஆனால் நடந்தே இறங்குங்கள். லிஃப்ட் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.